இளந்தலைவர் சினேகாவின் தகப்பன்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் காசிமேட்டு விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு துறைமுகத்துக்குள்ளேயே நிற்கும். மீன்கள் குஞ்சு பொரித்துக் குடும்பமாக இருக்கட்டும் என்று அரசாங்கம் போட்ட தடையில், மீனவனும் கொஞ்ச நாள் குடும்பமாக இருந்துகொள்வான். அந்தப் படகுகளில் ஒன்றுக்கு ஜெயவேல் டிரைவர். மற்ற மாதங்களில் அவன் திருவொற்றியூரில் இருக்கும் தன் வீட்டுக்கே விருந்தாளி. வருவான், குளிப்பான், தூங்குவான், மறுபடி கடலுக்குப் போய்விடுவான். மகள் சினேகா எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதை ஒவ்வொரு தடைக்காலத்திலும் புதிதாகத் தெரிந்துகொள்வான்.

இந்த முறை அவள் மூன்றாவது முடித்திருந்தாள். அவளுக்கு நீச்சல் சொல்லித்தருவதாக ஜெயவேல் வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் பழைய கவுன் ஒன்றை அதற்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

அவன் மனைவி செங்கொடி வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் கடையிலிருந்து வந்தவள் கைப்பையை வைத்துவிட்டு, "இந்த லீவுக்கு பாப்பாவ கேம்ப்ல சேத்துட்டேன்" என்றாள்.

"இன்னா கேம்ப்பு?"

"எங்க ஓனரம்மா பேரன் போன வருசம் போனான். இப்ப கடைக்கு வந்தான்னா கஸ்டமருக்கெல்லாம் கை குடுக்குறான்."

"கை குடுத்து?"

"ஒண்ணுமில்ல, குடுக்குறான். நம்ம பாப்பா யாரானா வூட்டுக்கு வந்தா என் பொடவைக்குப் பின்னாடி போய் நின்னுக்குது."

"நாந்தான் வூட்ல கீறனே. நீச்சல் கத்துத் தரேன்னு சொல்லிக்கீறேன் அதுகிட்ட."

"அங்கயும் நீச்சல் கீதாம்" என்றாள் செங்கொடி. "நீ கூட்டினு போய் கூட்டினு வா, போதும். சும்மாதான கீற."

தடைக்காலத்தில் எந்த மீனவனிடமும் அதற்குப் பதில் இருந்ததில்லை.

முகாமின் பெயர் எழுச்சிச் சுடர் இளந்தலைவர் மையம். கடலோர நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தை அது வாடகைக்குப் பிடித்திருந்தது. மேடையில் முந்தின முகூர்த்தத்து மணமக்களின் பெயர்கள் தெர்மாகோல் எழுத்துகளில் இன்னும் ஒட்டியிருந்தன. அதன் மேலேயே மையத்தின் பேனரைக் கட்டியிருந்தார்கள். மணமகன் அறை ஆலோசனை அறையாகவும், மணமகள் அறை சிந்தனைக் கூடமாகவும், சாப்பாட்டுக் கூடம் பெற்றோர் மண்டலமாகவும் மாறியிருந்தன.

ஒருங்கிணைப்பாளர் மோகனப்ரியா மணமகன் அறையில் ஜெயவேலையும் சினேகாவையும் உட்காரவைத்தாள். கோட்டு போட்டிருந்தாள். ஏசி ஓடவில்லை.

"குழந்தைக்கு என்ன பிரச்சினை சார்?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லீங்க மேடம்."

மோகனப்ரியா அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "எல்லாப் பெற்றோரும் முதலில் அப்படித்தான் சொல்லுவாங்க." சினேகாவின் பக்கம் திரும்பினாள். "நீ சந்தோஷமா இருக்கியாம்மா?"

சினேகா தலையாட்டினாள்.

"ஏன்?"

சினேகா தகப்பனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

"பாத்தீங்களா" என்றாள் மோகனப்ரியா. "நல்லவேளை, இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்க."

முதல் நாள் காலை, மகளை விட்டுவிட்டுப் படகுக்கு வண்ணம் அடிக்கப் போகலாம் என்று ஜெயவேல் வாசலுக்குத் திரும்பினான். இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"குழந்தைகளோட பாதுகாப்புக்காக" என்றாள் மோகனப்ரியா.

"நான் வெளிய போவணும் மேடம்."

"நீங்களும் பாதுகாப்பா இருக்கணும் இல்லையா சார்? இது குடும்ப முகாம். குழந்தை தலைவராகிறப்ப பெற்றோர் பழைய மாதிரியே இருந்தா வீட்டுக்குள்ள மோதல் வரும். அதனால உங்களுக்கும் வகுப்பு இருக்கு. சாவி மாலையிலதான் வரும்."

அம்மாக்களாகவும் பாட்டன்களாகவும் ஒரு கூட்டமே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஜெயவேலுக்குப் பக்கத்தில் சபீஹா என்ற பெண். ராயபுரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் மகன் தௌசீஃப் போன வருடமே இந்த முகாமில் தலைவராகிவிட்டவன்.

"மறுபடி எதுக்குக்கா இட்டாந்த?" என்று கேட்டான் ஜெயவேல்.

"போன வருசம் அவன் பாஸு. நான் பெயிலு" என்றாள் சபீஹா.

அவளை மேலே கேட்பதற்குள் கைதட்டல் எழுந்தது. மையத்தின் நிறுவனர் சுயம்பு வந்துவிட்டார். மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கிவந்து போட்டார்கள். அவர் அதில் அமர்ந்து, மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"பெற்றோர்களே, இங்கே நாங்கள் குழந்தைகளுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. கற்றுத்தரப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேயும் தருவதில்லை என்பது வேறு விஷயம். ஒரு குழந்தை இங்கே வரும்போது சந்தோஷத்தோடு வருகிறது. காரணம் கேட்டால் அதற்குத் தெரிவதில்லை. காரணம் தெரியாத சந்தோஷம் என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடும். எனவே அதை நாங்களே முதலில் எடுத்துவிடுகிறோம். பிறகு காரணத்தைக் கொடுக்கிறோம். பிறகு, நேரம் இருந்தால், சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். போன வருடம் இங்கே சேர்ந்த பிள்ளைகள் அனைவரும் தலைவர்களாக வெளியே போனார்கள். ஒருவர்கூட மிச்சமில்லை."

"எல்லாரும் தலைவரானா தொண்டன் யாரு சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

"நீங்கள்தான்" என்றார் சுயம்பு.

எல்லோரும் கைதட்டினார்கள். தாத்தாவும் தட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் நீச்சல் வகுப்பு. பார்க்க அனுமதி உண்டு என்றதும் ஜெயவேல் ஓடினான். மண்டபத்தின் நடுவில் நீல நிறத்துச் சமுக்காளம் விரித்து, பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் வந்தது. பயிற்சியாளர் விசில் ஊத, பிள்ளைகள் கையையும் காலையும் அடித்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியின் அலைச் சத்தத்தைக் கெடுக்கிறது என்று கிழக்குப் பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள்.

சமுக்காளத்தின் ஓரத்தில் சினேகா நீந்திக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கை சிவந்திருந்தது.

"மேடம், தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டான் ஜெயவேல்.

"தண்ணீர் ஒரு மனநிலை சார்" என்றாள் மோகனப்ரியா. "தண்ணீர்ல யார் வேணும்னாலும் நீந்துவாங்க. இதுல நீந்தினா எங்கே வேணும்னாலும் நீந்தலாம். தவிர, இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட மூழ்கினதில்லை."

அது உண்மைதான்.

பெற்றோர் வகுப்புக்கு உருகுதல் என்று பெயர். எல்லோரும் பந்தி மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மெல்லிய வீணை இசை ஓடும். மோகனப்ரியா தாழ்ந்த குரலில், "உங்கள் குழந்தையை நீங்கள் கடைசியாகக் கட்டியணைத்தது எப்போது?" என்று கேட்பாள். அழ வேண்டும். அழுதவர்களின் சட்டையில் நட்சத்திரம் குத்துவார்கள். நட்சத்திரம் வாங்காதவர் உருகாத பெற்றோர். புது விதிப்படி பெற்றோர் உருகினால்தான் குழந்தைக்குத் தேர்ச்சி. போன வருடம் இதில் தவறிய சபீஹா, இந்த வருடம் கேள்வி முடிவதற்கு முன்பே விம்மினாள். துப்பட்டா நுனியில் வெங்காயச் சாறு தடவிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜெயவேலுக்கு அழுகை வரவில்லை. மகளைக் கடைசியாகக் கட்டியணைத்தது அன்று காலைதான். வண்டியில் வரும்போது அவள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அதை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது.

"சார் சிரிக்கிறார்" என்று மோகனப்ரியா உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னாள். "அடைப்பு அதிகம்."

வாரம் ஒன்று போவதற்குள் வீட்டில் சினேகா மாறிப்போனாள். தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்கினாள். செங்கொடி "இன்னா?" என்று கேட்டால், "நான் நீர் அருந்த விழைகிறேன்" என்றாள். அவள் வாயில் இதுவரை நைனாவாக இருந்த ஜெயவேல் அப்பாவாகிவிட்டான். காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து நின்று, "இன்றைய என் இலக்கு நேற்றைய என்னை வெல்வது" என்று சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி கருவாடு கொடுக்க வந்தபோது, சினேகா புடவைக்குப் பின்னால் போகாமல் நேராக வந்து கை கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பயந்து கருவாட்டை அந்தக் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

செங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா" என்றாள் புருஷனிடம். "நான் சொல்லல?"

அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க ஜெயவேலுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைத் தனியாகக் கூப்பிட்டான். "வா பாப்பா, கடலாண்ட போலாம். ஒரு முங்கு போட்டு வந்துரலாம்."

"அப்பா, அது திட்டமிடப்படாத செயல்" என்றாள் சினேகா. கொஞ்ச நேரம் கழித்து, "கடல் ஓர் ஆபத்துப் பகுதி" என்றும் சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் நேராக மோகனப்ரியாவிடம் போய், "கொயந்தைய நிறுத்திக்கிறேன் மேடம்" என்றான்.

மோகனப்ரியா எழுந்து கதவைச் சாத்தினாள். "சார், இப்ப அவளோட பழைய ஆளுமையைக் கழற்றி வைச்சிருக்கோம். புதுசு இன்னும் மாட்டலை. இந்த நிலைமையில கூட்டிட்டுப் போனா எங்க பொறுப்பு இல்லை. எதுக்கும் நிறுவனரைப் பாருங்க."

சுயம்பு வெல்வெட் நாற்காலியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயவேல் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"குழந்தை மேல உங்களுக்கு அன்பு இருக்கு. அதை நான் மதிக்கிறேன்" என்றார். "ஆனா அன்பு இருக்கிற பெற்றோர்தான் எங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. அன்பில்லாதவங்க சத்தம் போடாம விட்டுட்டுப் போயிடறாங்க, அந்தப் பிள்ளைங்க சீக்கிரம் தலைவராயிடுது. ஒண்ணு செய்வோம். நிறுத்தறதுன்னா தாராளமா நிறுத்துங்க. முறைப்படி அவ போட்டோவைப் பலகையில ஏத்திடறோம்."

"இன்னா பலகை?"

அவனை வாசலுக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். 'பாதியில் பிரிந்தோர்' என்று தலைப்புப் போட்டு, முகாமை விட்டு நின்ற பிள்ளைகளின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கறுப்பு ரிப்பனில் ஓரம் கட்டியிருந்தது. கீழே மின்சார விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. மாலை மட்டும்தான் இல்லை. தினமும் காலையில் பிள்ளைகள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, நாங்கள் பிரிய மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று மோகனப்ரியா விளக்கினாள்.

சினேகா எப்போது வந்தாளோ, பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, என்னைப் பலகையில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றாள். இலக்கணம் சுத்தமாக இருந்தது. சட்டையை விடவில்லை.

ஜெயவேல் உருகுதல் வகுப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

அதன்பிறகு அவன் தன்னால் முடிந்த அளவுக்கு முயன்றான். செத்துப்போன தாய்மாமனை நினைத்துப் பார்த்தான். மாமன் குடித்துவிட்டு ஆடிய ஆட்டம்தான் ஞாபகம் வந்தது. புயலில் போன வலையை நினைத்தான். கோபம் வந்ததே தவிர அழுகை வரவில்லை. சபீஹா துப்பட்டாவைக் கொடுத்து உதவினாள். ஆனால் வெங்காயத்துக்கு அவனுக்கு மூக்குத்தான் ஒழுகியது. மூக்குக்கு நட்சத்திரம் கிடையாது என்று மோகனப்ரியா சொல்லிவிட்டாள்.

"இது பேஜாரா கீதுக்கா" என்றான் சபீஹாவிடம்.

"மணலி பக்கம் போனா ஃபேக்டரி பொகைக்குத் தானா கண்ணுல தண்ணி வரும். அங்க கேம்ப் வெச்சிருந்தா எல்லாரும் பாஸு" என்றாள் சபீஹா. அவள் சட்டைத்துணியில் ஊசி குத்துவது போலச் சாதாரணமாகத்தான் எல்லாவற்றையும் சொல்லுவாள்.

தடைக்காலம் முடிய இருந்த சமயத்தில் நிறைவு விழா வந்தது. படகில் ஐஸ் ஏற்றுகிற வேலையை ஒத்திப்போட்டுவிட்டு ஜெயவேல் சலவைச் சட்டையில் வந்தான். செங்கொடி கடையில் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஓனரம்மா கொடுத்த பட்டுப் புடவையில் வந்தாள். எல்லாப் பெற்றோரின் மார்பிலும் நட்சத்திரம் மின்னியது. ஜெயவேலின் மார்பில் பேனா மட்டும் இருந்தது.

மேடையில் நீலச் சமுக்காளத்தை விரித்துப் பிள்ளைகள் நீந்திக் காட்டினார்கள். தௌசீஃப் முதலில் கரையேறினான். விருந்தினராக வந்திருந்தவர், தான் இப்படி ஒரு நீச்சலை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பிறகு சுயம்பு மைக்கை வாங்கினார்.

"நம்மிடம் ஒரே ஒரு தந்தை உருகாமல் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. ஜெயவேல் சார், மேடைக்கு வாங்க."

மேடையின் ஒரு பக்கம் பதக்கங்கள் தட்டில் இருந்தன. மறு பக்கம் வாசலில் இருந்த அந்தப் பலகையைத் தூக்கிவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் புதிதாக ஒரு கறுப்பு ரிப்பன் சட்டம் காலியாக இருந்தது.

"சொல்லுங்க சார்" என்றார் சுயம்பு. "இந்த முகாமில் உங்கள் மகளிடம் என்ன மாற்றம் கண்டீர்கள்?"

ஜெயவேல் மைக்கைப் பிடித்தான். முன்வரிசையில் செங்கொடி செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சினேகா மேடை ஓரத்தில், பிள்ளைகள் வரிசையில் நின்றாள். ஜெயவேலுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அவன் மகளின் வாயைக் கவனித்தான். அது அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்கள் பலகைக்கும் அவனுக்குமாகப் போய்ப் போய் வந்தன.

அவன் அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

"என் மகள்... தன்னம்பிக்கை... அடைந்தாள்."

அவள் தலையாட்டினாள். மேலே சொல் என்பது போல வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"இலக்கு... உள்ளவள் ஆனாள். நான்... நல்ல தந்தை ஆனேன்."

பிள்ளைக்குப் பரீட்சையில் தகப்பன் சாடை காட்டுவது உண்டு. இங்கே பிள்ளை காட்டியது. அந்தச் சின்ன வாய் அப்படித் தவித்ததைப் பார்த்தபோது அவன் குரல் உடைந்தது. அழக்கூடாது என்றுதான் அவன் அந்த நேரத்தில் நினைத்தான். அது நடக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி, கடலில் புயலுக்குக்கூட அழாதவன், தோள் குலுங்க அழுதான்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மோகனப்ரியா ஓடிவந்து நட்சத்திரத்தைக் குத்தினாள். அவசரத்தில் ஊசி சட்டையைத் தாண்டி உள்ளேயும் கொஞ்சம் போனது. "இதுதான் எழுச்சிச் சுடர்" என்றார் சுயம்பு, புகைப்படக்காரர் இருந்த பக்கம் திரும்பி. இளந்தலைவர் சினேகாவுக்குப் பதக்கமும் நீச்சல் சாதனையாளர் சான்றிதழும் கிடைத்தன. இரும்புக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

செங்கொடி வீடியோவை ஓனரம்மாவிடம் காட்டுவதற்காக அப்படியே மெட்ரோ பிடித்துக் கடைக்குப் போனாள். தகப்பனும் மகளும் வண்டியில் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் சாலை நின்றது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசை கட்டியிருந்தன. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு லாரி. ஜெயவேல் இஞ்சினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றினான்.

பின்னாலிருந்து சினேகா அவன் முதுகில் தட்டினாள்.

"நைனா."

அந்தச் சொல்லைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடி அழுதுவிடுவோமோ என்று இருந்தது.

"இன்னா பாப்பா?"

"நெஜமாவா அய்த?"

ஜெயவேல் யோசித்தான். உண்மையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தான்.

"இல்ல பாப்பா. சும்மா."

சினேகா பெருமூச்சு விட்டாள். அவள் உடம்பு தளர்ந்து அவன் முதுகில் சாய்வது தெரிந்தது.

"நானும் சும்மாதான் நைனா" என்றாள். "மொத நாள்லேந்து சும்மாதான். அம்மா சந்தோசமா கீதில்ல, அதான்."

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே வேறு மாதிரியும் இருந்தது. பொய் சொல்லத் தெரியாமல் முகாமுக்குப் போன பிள்ளை அவள். அவனும் இப்போதுதான் அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தான். அவள் சொன்னதில் எது சும்மா, எது நிஜம் என்று இனிமேல் எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசித்தான். நாளைக்கு விடியுமுன் படகு கிளம்பிவிடும்.

"அடுத்த வருசமும் போகச் சொன்னா இன்னா பாப்பா பண்ணுவ?"

"உன்ன சேத்துப்பாங்களா நைனா?"

"சேத்துப்பாங்க."

"அப்ப போலாம்" என்றாள் சினேகா. "நீ வர்ற இல்ல."

முன்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி, வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்தார். சாலை இப்போதைக்குத் திறக்காது என்று தெரிந்தது. ஜெயவேல் பின்பக்கம் கையை நீட்டி மகளின் முழங்கையைத் தடவிப் பார்த்தான். சமுக்காளம் உரசிய இடம் காய்த்துப்போயிருந்தது.